பத்தொன்பதாவது கையெழுத்து

ஓடைக்கரைப்பட்டி சமுதாயக் கல்லூரியின் பணியாளர் செய்தி மடலில், போன வருஷம் பங்குனியில் செத்துப்போன மனிதர் ஒருவர் வருகிற திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறார் என்று தவறாக வந்துவிட்டது. பத்தொன்பது பேரும் அதைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை அவர் வந்துவிட்டார்.

கல்லூரி என்றதும் யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடிப்போன நூல் மில்லின் குடோனைத் தடுத்துத் தடுத்துப் போட்ட ஏழு அறை, அதில் தையல், நர்சிங் உதவியாளர், இருசக்கர வாகனம், கம்ப்யூட்டர், ஏசி மெக்கானிக் என்று ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் முடிகிற படிப்புகள், பத்தாவது தவறியவனும் பிள்ளை பெற்றவளும் பஞ்சு ஒட்டிய சுவரோரம் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிற இடம். முதல்வரிலிருந்து கடைநிலை ஊழியர் வரை ஆள் பத்தொன்பது. பத்தொன்பது என்றால் பத்தொன்பது நாற்காலி, பத்தொன்பது டீ கிளாஸ், மடல் நோட்டில் பத்தொன்பது கோடு. இருபதாவதுக்கு அங்கே இடம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மடல் வெள்ளிக்கிழமைதோறும் வரும். அலுவலக உதவியாளர் ஆவுடைத்தாய் அதை அடிப்பாள். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை. தையல் டீச்சரின் டிபன் பாக்ஸ் மூடி காணவில்லை, சனிக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவப்படும், நர்சிங் பிரிவு ஜெபமணி டீச்சருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, வராந்தாவில் வெற்றிலை துப்ப வேண்டாம். இப்படித்தான் செய்தி. அந்தத் தாளை ஒரு நீள நோட்டில் ஒட்டி, கீழே பத்தொன்பது பேரையும் வரிசையாக எழுதி, கடைநிலை ஊழியர் சொரிமுத்து கையில் கொடுத்துவிட்டால் அவர் அறை அறையாகக் கொண்டுபோவார். பெயருக்கு நேரே ‘பார்த்தேன்’ என்று எழுதி ஒரு கையெழுத்து. பார்த்தேன் என்று எழுதுகிற எவரும் பார்ப்பது கிடையாது. ஒரு கையில் சாக்பீஸ், ஒரு கையில் பேனா, வாய் பாட்டுக்குப் பாடம் சொல்லும், பேனா பாட்டுக்குக் கிறுக்கும், நோட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். அந்தக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஏசி மெக்கானிக் பிரிவில் ஆசிரியர். சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. நோட்டு வந்ததும் கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்து, தேதி தப்பாக இருந்தால் சிவப்பில் அடித்துத் திருத்தி, அதன் பிறகுதான் நீலத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்காகவே ஆவுடை அவரை ஒன்பது மாதம் திட்டித் தீர்த்தாள். சிவப்பைக் கண்டால் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். பங்குனியில் ஒரு நாள் காலை, கல்லூரிக்கு வரும் பஸ்ஸிலேயே, மாரடைப்பு. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. மற்ற பதினெட்டுப் பேரும் கல்லறைத் தோட்டம் வரை போய் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். பிறகு ஆடியில் அந்த இடத்துக்கு மாரிக்கனி என்கிற பெண் வந்தாள். முப்பது வயது, லாரி ஓட்டுகிற புருஷன், நாலு வயதில் ஒரு மகள், எந்த கம்பிரஸரையும் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுகிற கெட்டிக்காரி. சிவப்பு மை நின்றது. ஆவுடைக்கு நிம்மதி.

நிம்மதி ஆளைக் கெடுக்கும். ஆனி மாதம் முதல் வெள்ளி, ஆவுடை எப்போதும்போல் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து அதன் மேலேயே புது மடலை அடித்தாள். அவள் திறந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆனி. மேலே தேதியை மாற்றினாள், டிபன் பாக்ஸ் மூடியை மாற்றினாள், தொட்டி கழுவுகிறதை மாற்றினாள், கடைசியில் கிடந்த நாலு வரியைப் பார்க்கவேயில்லை. வரவேற்கிறோம், வருகிற திங்கட்கிழமை முதல் ஏசி மெக்கானிக் பிரிவு ஆசிரியராகப் பணியில் சேரும் இன்னாரை அன்புடன் வரவேற்கிறோம் என்று அந்த மனிதரின் பெயர் அங்கே முழுசாகக் கிடந்தது. சிவப்பில் அடிக்க ஆள் இல்லை. முதல்வர் போட்டார், ஜெபமணி போட்டாள், சொரிமுத்து போட்டார், ஆவுடையே போட்டாள். தன் இடத்துக்கு வேறொருவர் வருகிறார் என்பதை மாரிக்கனியும் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியாயிற்று, பத்தொன்பது பேரும் பார்த்தாயிற்று, இனி நடக்க வேண்டியதுதானே பாக்கி.

ஒன்பது பத்து பஸ்ஸில் இறங்கினார். வெள்ளை அரைக்கைச் சட்டை, அடுக்கு டிபன் கேரியர், பையில் இரண்டு பேனா. கேட்டில் நின்ற சொரிமுத்து பழக்க தோஷத்தில் “வாங்க சார்” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் யாருக்குத் திறந்தோம் என்று உறைத்து, கேட்டின் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார். வந்தவர் நேரே முதல்வர் அறைக்குப் போய்ப் பணியில் சேரும் கடிதத்தை நீட்டினார். இரங்கல் கூட்டத்தில் பதினோரு நிமிஷம் பேசிக் கண் துடைத்த முதல்வர் தனுஷ்கோடி எழுந்து நின்று கை கொடுத்தார். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார். உட்காருங்கள் என்றார். மடலில் முதல் கையெழுத்து அவருடையது.

வந்தவருக்கு யாரையும் ஞாபகம் இல்லை. புதிதாகச் சேர வந்தவர் எப்படி வருவாரோ அப்படி வந்தார். அறை அறையாகப் போய்த் தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார். அவருக்கு மண் போட்ட கைகளெல்லாம் கூப்பின. ஒருவர் வாயிலும் பெயர் வரவில்லை. போனவர்களைப் பெயர் சொல்லி அழைத்தால் அப்படியே தங்கிவிடுவார்கள் என்று ஜெபமணி சொல்ல, அந்தப் பெயரை எவரும் உச்சரிக்கக் கூடாது என்று முதல்வர் மத்தியானமே வாய்மொழியாக உத்தரவு போட்டுவிட்டார். ஏசி சார் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆகவே இங்கேயும் இப்போதைக்கு அப்படித்தான்.

ஆவுடை நோட்டைத் திறந்து பார்த்தபோது மணி பத்தரை. நாலு வரியைப் படித்தாள். நோட்டை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பூட்டினால் ஆயிற்றா?

பயம் இருந்தது. பயத்தோடு வேலையும் இருந்தது. அந்த வருஷ ஆனி வெயில் தகரக் கூரையை உருக்கிக்கொண்டிருந்தது. ஏசி சார் நின்ற அறை மட்டும் சில்லென்று இருந்தது. மெஷின் எதுவும் ஓடவில்லை. அவர் நின்றார், குளிர்ந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மாணவர்கள் முதல் முறையாக மணி அடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை தையல் டீச்சர் தன் வகுப்பையே பக்கத்து அறைக்கு மாற்றி, நடுச்சுவரோரமாகத் தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டாள். கேன்டீன்காரர் பால் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து அவருடைய ஜன்னல் திண்டில் அடுக்கினார், ஒன்றுகூடத் திரியவில்லை. பயந்து பயந்துதான் செய்தார்கள், ஜன்னலுக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார்கள், ஆனாலும் செய்தார்கள். வாரம் முடிவதற்குள் அவரைப் பற்றி மெல்லப் பேசுகிற குரல் ஒன்று கல்லூரிக்குப் பழகிவிட்டது. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பார். பஸ் போன பிறகு நிறுத்தம் காலியாக இருக்கும். கண்டக்டரைக் கேட்டால் அப்படி யாரும் ஏறவில்லை என்பார். இதையும் இரண்டு நாளில் யாரும் கேட்பதில்லை என்று ஆயிற்று.

யாருக்கும் கேட்காதது இன்னொன்றும் இருந்தது. மாரிக்கனியின் குரல்.

முதலில் டீ. சொரிமுத்து பத்தொன்பது கிளாஸில் ஊற்றிக் கொண்டுபோனார், பத்தொன்பதும் தீர்ந்தது, மாரிக்கனி கை நீட்டியபடியே நின்றாள். எண்ணித்தான் ஊற்றினேன் என்று அவர் அடித்துச் சொன்னார். புதன்கிழமை விரல் வைக்கிற மெஷின் அவளை யாரென்று தெரியாது என்றது. வியாழக்கிழமை கரும்பலகையில் அவள் எழுதியது, எழுதி முடிப்பதற்குள், ஈரத்தில் எழுதின மாதிரி வெளிறியது. வருகைப் பதிவேட்டில் அவள் வரியில் இப்போது அவர் பெயர் இருந்தது. ஒருவரும் மாற்றவில்லை, இருந்தது. வகுப்பில் அவள் பேசினால் மாணவர்கள் அவளுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலைப் பார்த்தார்கள். ஏசி சார் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு ஒரு தீங்கும் நினைக்கவில்லை. அவளை அவர் பார்த்ததே இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதே நாற்காலியில் இருக்கிற இன்னொருவரை எப்படித் தெரியும்?

அவள் பேசுவது ஆவுடைக்கு மட்டும் கேட்டது. தப்பு செய்தவள் என்பதால் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை முதல்வர் திருத்தம் போடச் சொன்னார். அவரே வாசகம் சொன்னார். சென்ற மடலில் இடம்பெற்ற செய்தி ஒன்று தவிர்க்க இயலாத காரணங்களால் ரத்து செய்யப்படுகிறது. எந்தச் செய்தி என்று போடவா என்று ஆவுடை கேட்டாள். வேண்டாம் என்றார், அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, அதெல்லாம் புரிந்துகொள்வார்கள் என்றார். பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள், போட்டார்கள். பத்தொன்பதாவது வரியில் மாரிக்கனி இல்லை, ஏசி சார் இருந்தார். சொரிமுத்து நோட்டை அவருடைய மேஜையில் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கால் மணி கழித்து நோட்டு வாசலில் வைக்கப்பட்டிருந்தது. தொட்டி கழுவும் தேதியைத் திருத்தியிருந்தார். திருத்தத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: எந்தச் செய்தி? தெளிவாக எழுதவும். கையெழுத்து இல்லை.

ஆவுடைக்குச் சிவப்பு மையைப் பார்த்துக் கோபம் வராத நாள் அது ஒன்றுதான். பயம் மட்டும் வந்தது.

அடுத்த வாரம் மாரிக்கனியின் ஓரங்கள் தேய்ந்தன. வெயிலில் நின்றால் அவளுக்குப் பின்னால் இருக்கிற சுவரின் விரிசல் தெரிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் ஆவுடையின் கையைப் பிடித்தாள். பிடித்தது தெரியவில்லை, பஞ்சு பட்ட மாதிரி இருந்தது. அழவில்லை அவள். அழுது முடித்துவிட்டு வந்தவளைப்போல் பேசினாள். லாரியில் போயிருக்கிற புருஷனுக்குப் போன் போட்டால் ராங் நம்பர் என்கிறானாம். வீட்டில் மூன்று நாளாக அம்மா அவளுக்குத் தட்டு வைப்பதில்லையாம். கேட்டால், கேட்காதது மாதிரி அடுப்பைத் துடைக்கிறாளாம்.

“அதுகூடப் போகுதுக்கா. காலையில எம்மவ இசக்கிக்குத் தலை சீவி விடலாம்னு போனேன். எட்டிப் பாத்துட்டு, அத்தை, எங்க அம்மாவப் பாத்தீங்களான்னு கேக்கா.”

ஆவுடை அந்தக் கையை இறுக்கிப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை.

“நாளைக்குள்ள ஏதாவது செய்யிங்கக்கா. நாளைக்கு அவளுக்கு நான் அத்தையாக்கூடத் தெரிய மாட்டேன்.”

அன்று மூன்று மணிக்கே முதல்வர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஆவுடையை அழைத்துக் கதவைச் சாத்தினார். இந்தப் பக்கம் பயந்தார், அந்தப் பக்கம் கணக்கு சரியாக வந்தது. பயத்தில் இருக்கிறவனுக்குச் சரியாக வருகிற கணக்கு போல ஆபத்தானது வேறில்லை. ஏசி சாரிடம் போய், ஐயா நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று சொல்ல இந்தக் கல்லூரியில் யாருக்கு நெஞ்சு உண்டு என்று கேட்டார். சொன்னால் அவர் என்ன ஆவார், நம்மை என்ன செய்வார், கூடவே யாரைக் கூட்டிக்கொண்டு போவார் என்று கேட்டார். இப்போது பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், யாரும் வகுப்பைத் தட்டிக்கழிப்பதில்லை, நாம் ஏன் கலைக்க வேண்டும்? ஆகவே நாளை மடலில், ஏசி பிரிவு ஆசிரியை தம் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொண்டார் என்று ஒரு வரி. எல்லோரும் போட்டுவிடுவார்கள். ஆள் பத்தொன்பது. பயமும் தீரும்.

“அந்தப் பொண்ணு என்ன ஆகும் சார்?”

“எந்தப் பொண்ணு?” என்றார் முதல்வர். நடிக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது.

ஆவுடை வெளியே வராந்தாவுக்கு வந்தாள். பிறகு ஏதோ தோன்றி, பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் மாரிக்கனி என்று எழுதிக்கொண்டாள். நல்லவேளை எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, யாருக்காக இவ்வளவு பதறுகிறோம் என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. ஒரு பெண், ஒரு குழந்தை, தலை சீவுவது, அதற்குமேல் ஓடவில்லை. கையை விரித்துப் பார்த்தாள். மை வெளிறிப்போயிருந்தது. ‘மா’ இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை, கடைசியில் ‘னி’. ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து அந்தப் பெயரை முதலில் அடித்துவிட்டு, அதன் பிறகுதான் மற்றதை அடித்தாள்.

பழைய ஃபைல் எதையும் திறக்கவில்லை. வெள்ளைத் தாளில் முதலிலிருந்து அடித்தாள். தையல் டீச்சரின் டிபன் பாக்ஸ் மூடி கிடைத்துவிட்டது. தொட்டி கழுவப்படும். வராந்தாவில் வெற்றிலை துப்ப வேண்டாம். நாலாவதாக, வருந்துகிறோம் என்று போட்டு, ஏசி மெக்கானிக் பிரிவு ஆசிரியரின் பெயரைத் தலைப்பெழுத்தோடு முழுசாகப் போட்டு, அவர் கடந்த ஆண்டு மார்ச் இருபத்துநாலாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்குக் கல்லூரிக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே காலமானார், மறுநாள் அடக்கத்தில் பணியாளர் பதினெட்டுப் பேரும் கலந்துகொண்டோம், அவர் பணியில் சேர்கிறார் என்று ஆனி மாத முதல் மடலில் வந்தது என் தவறு, அவருடைய இடத்தில் மாரிக்கனி பணியாற்றிவருகிறார் என்று எழுதி, கீழே ஆவுடைத்தாய் என்று தன் பெயரையும் போட்டாள். மடலில் அவள் பெயர் வந்தது அதுவே முதல் தடவை.

சொரிமுத்து நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆவுடை வாசலில் நின்று பார்த்தாள். இத்தனை கேட்டையும் கொண்டுவந்த வழக்கம் அன்று அவளுக்குத் துணை நின்றது. முதல்வர் போனில் யாரையோ திட்டிக்கொண்டே போட்டார். ஜெபமணி ஊசியை ஒரு கையில் வைத்துக்கொண்டே போட்டாள். தையல் டீச்சர் மெஷினை நிறுத்தவே இல்லை. பதினெட்டுப் பேரும் முக்கால் மணி நேரத்தில் பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன் என்று போட்டுத் தள்ளினார்கள். ஒருவராவது பார்த்திருந்தால் நோட்டு அங்கேயே நின்றிருக்கும்.

பாக்கி ஒரு வரி. படிக்கிற ஆளின் வரி.

சொரிமுத்து நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவர் படித்துவிட்டார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. வேலைக்கு வந்து முப்பது வருஷத்தில் அன்றைக்கென்று படித்திருக்கிறார்.

“ஆவுடை, நான் போவலை தாயி. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. நீ என்ன வேணும்னாலும் சொல்லு, மலையப் புரட்டச் சொல்லு, அந்த ரூமுக்கு மட்டும் போகச் சொல்லாத.”

ஆவுடை நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். சாப்பாட்டு நேரம், வராந்தாவில் ஆள் இல்லை. ஒவ்வோர் அறையாகத் தாண்டத் தாண்ட வெயில் குறைந்தது. தையல் அறைக்கு வந்தபோது வியர்வை நின்றது. ஏசி அறை வாசலில் மூச்சு புகையாக வந்தது. ஜன்னல் திண்டில் பால் பாக்கெட்டுகள் கல்லாக உறைந்திருந்தன. திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். கையை விரித்தாள், உள்ளங்கையில் ‘மா’ மட்டும் இருந்தது. உள்ளே போனாள்.

அவர் ஏசி மெஷின் வடிகட்டி ஒன்றை மடியில் வைத்துப் பல் தேய்க்கிற பிரஷால் தூசு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். நோட்டை நீட்டினாள். அவர் கையைத் துடைத்தார், கண்ணாடியை மாட்டினார், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

டிபன் பாக்ஸ் மூடி கிடைத்ததைப் படித்து, நல்லது என்று தலையாட்டினார். தொட்டி கழுவும் தேதியில் நின்று, சுவர்க் காலண்டரைப் பார்த்து, சிவப்புப் பேனாவை எடுத்து, சனிக்கிழமை ஐந்து இல்லை நாலு என்று திருத்தினார். வெற்றிலையைப் படித்தார். நாலாவதுக்கு வந்தார்.

அதில் அவர் நெடுநேரம் இருந்தார். ஒரு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி இன்னொரு தடவை படித்தார், விரலை வைத்து வரி வரியாக மூன்றாம் தடவையும் படித்தார். அவர் படிக்கப் படிக்கச் சுவரெல்லாம் வெண்மையாகப் பூத்தது, தண்ணீர்க் குடம் டப் என்று விண்டது, மேஜை மேலிருந்த திருப்புளிகளும் குறடுகளும் பனி போர்த்திக்கொண்டன, ஆவுடையின் கண்ணாடியில் பனி படர்ந்து அவளுக்கு எதிரே இருப்பது மனிதரா, வெள்ளைச் சட்டையா, வெறும் குளிரா என்றே தெரியாமல் போனது. இப்போது கை நீளும் என்று நினைத்தாள். இப்போது தன் பெயரைச் சொல்லி அழைப்பார் என்று நினைத்தாள். வீட்டில் மாவு ஆட்டாமல் வந்துவிட்டோமே என்றும் நினைத்தாள். உயிர் போகிற நேரத்தில் அதுவும் நினைவு வந்தது.

“எட்டு ஐம்பதுன்னு யாரு சொன்னா?” என்றார்.

“கண்டக்டர் சொன்னாரு சார்.”

“அவரு வந்து தட்டிப் பாத்தது எட்டு ஐம்பது. எட்டு நாப்பதும்மா. பஸ் பாலத்து மேல நின்னுது, எதிர்ல ஆட்டு மந்தை. நான் வாட்சப் பாத்தேன், லேட்டாகுதேன்னு.” ஐம்பதைச் சிவப்பில் அடித்து நாற்பது என்று எழுதினார். எழுத்து நேராக இருந்தது. “பதினெட்டுப் பேரும் வந்தீங்களா?”

“வந்தோம் சார்.”

“மழையோ அன்னைக்கு?”

“இல்ல சார். நல்ல வெயில்.”

“அலைஞ்சிருப்பீங்க, பாவம்.” பக்கத்தைப் புரட்டி மேலே இருந்த பதினெட்டுக் கையெழுத்தையும் பார்த்தார். “இவ்வளவு பேரும் போட்டிருக்காங்களே. படிச்சாங்களா?”

“இல்ல சார்.”

“நான் வாரேன்னு வந்துச்சே, அதையும் படிக்கலையா?”

“படிக்கல சார். நானும்தான்.”

அவர் கோபிக்கவில்லை. அந்தக் குளிரில் அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது, சிரித்தாரோ என்னவோ. பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார். மாரிக்கனி யார் என்று கேட்டார். ஆவுடை சொன்னாள். கம்பிரஸரில் காதை வைத்துக் கேட்பதைச் சொன்னாள், தலை சீவுவதைச் சொன்னாள், அத்தை என்று கூப்பிட்டதைச் சொன்னாள். அவர் மடியிலிருந்த வடிகட்டியை எடுத்து மேஜை நடுவில், அடுத்து வருகிறவருக்குக் கைக்கு எட்டுகிற மாதிரி, வைத்தார்.

“தெளிவா எழுதியிருக்கீங்க. முதல்லயே இப்படி எழுதியிருக்கலாம்” என்றார். சிவப்புப் பேனாவை மூடினார். நீலப் பேனாவைத் திறந்தார்.

அவர் கையெழுத்துப் போட்ட சத்தம்தான் அவள் கேட்டது. அடுத்த மூச்சில் தகரக் கூரையிலிருந்து ஆனி வெயில் அப்படியே தலையில் இறங்கியது. சுவர் சொட்டியது, பால் பாக்கெட்டுகள் தொய்ந்தன, எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் டிபன் கேரியரும் இல்லை, ஒன்றும் இல்லை, சிவப்புப் பேனா மட்டும் நோட்டின் மடிப்பில் கிடந்தது.

வராந்தாவில் யாரோ சத்தம் போட்டார்கள். டீயில் சர்க்கரையே இல்லை, இதை மனுஷன் குடிப்பானா என்று சொரிமுத்துவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள் மாரிக்கனி. கையில் கிளாஸ். திட்டு வாங்கிக்கொண்டே சொரிமுத்து அழுதார். அவள் செல்போன் அடித்தது, எடுத்துக் காதில் வைத்தாள், அந்தப் பக்கம் ஒரு பிஞ்சுக் குரல் என்ன சொன்னதோ, அப்படியே கிளாஸோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீ கொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பேச்சு எழுந்தது. நிர்வாகம் தக்க சமயத்தில் நடவடிக்கை எடுத்தது என்றார் முதல்வர். எல்லாம் ஜெபம் என்றாள் ஜெபமணி. ஆவுடை இல்லையென்றால் அவ்வளவுதான் என்று சொரிமுத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆவுடை நோட்டைப் பணியாளர் அறை மேஜையில் விரித்து வைத்து, எல்லோரையும் கூப்பிட்டு, படியுங்கள் என்றாள். கையெழுத்து கேட்கவில்லை, படியுங்கள் என்றாள். படித்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, முதல் வரியிலிருந்து, தொட்டி கழுவுகிற தேதியிலிருந்து, சிவப்பில் திருத்திய நாற்பதிலிருந்து, கடைசி வரி வரைக்கும் வந்தார்கள். அங்கே நீல மையில், தலைப்பெழுத்து விடாமல், கோட்டுக்கு மேலே நேராக இருந்ததை மாரிக்கனிதான் முதலில் வாய்விட்டு வாசித்தாள். அவளுக்கு அந்தப் பெயரைச் சொல்லப் பயமில்லை.

பார்த்தேன். சூ. இன்னாசிமுத்து.